ஜிப் சிக்கிக்கொண்டால் இழுக்காதீர்கள்!

ஒரு சகோதரி இப்படி எழுதியிருக்கிறார்: "பள்ளிக்கூட வேன் வாசலில் வந்து நின்றுவிட்டது. பெண்ணின் யூனிபாரத்தில் பக்கத்து ஜிப் பாதி வழியில் மாட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. பலங்கொண்ட மட்டும் இழுத்தேன்; பிடி கையோடு வந்துவிட்டது. இரண்டு ஊக்கைக் குத்தி அனுப்பி வைத்தேன். சாயந்திரம் வந்தவள், நாள் முழுவதும் புத்தகப் பையை இடுப்போடு அணைத்துக்கொண்டே இருந்ததாகச் சொல்லி அழுதாள். இதற்கு ஏதாவது வழி உண்டா?"

உண்டு, சகோதரி. நிச்சயமாக உண்டு.

ஜிப் மாட்டிக்கொள்வது கேட்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். வளருகிற பெண்ணுக்கு அது வேடிக்கை அல்ல. பச்சைக் குழந்தை பாலுக்கு வீறிட்டு அழும்போது நைட்டியின் ஜிப் இறங்க மறுத்தால், அந்தத் தாய்க்கும் அது வேடிக்கை அல்ல. விரல்களில் வலுக் குறைந்த மாமியார், மாத்திரைப் பையைத் திறக்க முடியாமல், யாரையும் கூப்பிடவும் கூச்சப்பட்டுக்கொண்டு ஒரு வேளை மருந்தை விட்டுவிடுகிறார் என்றால், அதை என்னவென்று சொல்வது? ஒரு சாண் நீளச் சாமான் மனிதர்களை எவ்வளவு பாடுபடுத்திவிடுகிறது, பாருங்கள்!

அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்று நம் பாட்டிமார் சொல்லி வைத்தார்கள். அண்டாவுக்கே அந்தக் கதி என்றால் ஜிப்புக்குக் கேட்பானேன்! ஜிப் கெட்டுப் போவதில் பெரும் பகுதி, அது மாட்டிக்கொண்டதால் அல்ல. மாட்டிக்கொண்ட பிறகு நாம் இழுக்கிற இழுப்பினால்தான். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால், மற்றதெல்லாம் எளிது.

ஜிப் எப்படி வேலை செய்கிறது?

வீட்டிலுள்ள பழைய பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். ஜிப்பில் இரண்டு நாடாக்கள். இரண்டின் ஓரத்திலும் வரிசையாகப் பற்கள். ஒவ்வொரு பல்லிலும் ஒரு பக்கம் சிறு மேடு, மறுபக்கம் சிறு பள்ளம். ஒன்றின் மேடு அடுத்ததன் பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டால் பிறகு அசையாது. அப்படி உட்கார வைப்பதுதான், நாம் மேலும் கீழும் இழுக்கிற சின்னப் பெட்டியின் வேலை. தையற்காரர்கள் அதை 'ரன்னர்' என்பார்கள்.

ரன்னரின் உள்ளே உண்டிவில் கவட்டை மாதிரி மேலே இரண்டு வழி, கீழே ஒரு வழி. இரண்டு மேல் வழிகளுக்கும் நடுவே ஓர் ஆப்பு. ரன்னரை மேலே இழுத்தால், இரண்டு வரிசைப் பற்களும் இரண்டு வழியாக நுழைந்து, சரியான கோணத்தில் சந்தித்து, கீழ் வழியில் ஒன்றாகிவிடுகின்றன. கீழே இழுத்தால் ஆப்பு அவற்றைப் பிரித்துவிடுகிறது. அவ்வளவுதான் சூட்சுமம்.

இந்தக் கோணத்தைக் கண்டுபிடிக்கத்தான் மனிதர்களுக்கு அறுபது வருஷங்களுக்கு மேல் பிடித்தது. தையல் இயந்திரத்துக்குப் பேர் போன அமெரிக்கர் எலியாஸ் ஹோவ் 1851-லேயே இப்படி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் அதைக் கடைக்குக் கொண்டுவர அவர் முனையவில்லை. 1893-ல் விட்கோம்ப் ஜட்சன் என்பவர் பூட்ஸுகளுக்காகக் கொக்கிகளை வைத்து ஒன்று செய்தார். அது நினைத்த நேரத்தில் திறந்துகொண்டது. ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன கிடியான் சண்ட்பேக் என்ற எஞ்சினீயர்தான் 1913-ல் கொக்கியைக் கைவிட்டு, பல்லோடு பல் பொருந்தும் இன்றைய உருவத்துக்கு வழி செய்தார். 1917-ல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. 1923-ல் குட்ரிச் கம்பெனி தன் ரப்பர் பூட்ஸுகளில் இதை வைத்து விற்றபோதுதான் 'ஸிப்பர்' என்ற பெயர் பரவிற்று. அது இழுக்கும்போது எழுகிற சத்தத்தை ஒட்டிய பெயர்.

ஆகவே, ஜிப் பலத்தால் மூடுவதில்லை, பொருத்தத்தால் மூடுகிறது. அது நின்றுவிட்டால் பொருத்தம் எங்கோ தவறிவிட்டது என்று அர்த்தம். எங்கே என்று பார்ப்பதுதான் நம் வேலை.

துணியைக் கடித்துக்கொண்டால்

நூற்றுக்குப் பாதி சங்கடம் இதுதான். லைனிங் துணியோ, தையல் ஓரத்தில் பிரிந்த நூலோ ரன்னருக்குள் புகுந்துவிடும்.

முதலில் கையை எடுங்கள். ஆடை உடம்பில் இருந்தால், மூச்சை உள்ளே இழுத்து இறுக்கத்தைக் குறையுங்கள். கழற்ற முடிந்தால் கழற்றி, வெளிச்சத்தில் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். கடிபட்ட துணி பெரும்பாலும் உட்புறத்தில்தான் இருக்கும். அதை ஒரு கையால் ரன்னரிலிருந்து பக்கவாட்டில், மெதுவாக, தட்டையாக இழுத்துப் பிடியுங்கள். மற்றொரு கையால் ரன்னரை, அது வந்த திசையிலேயே திருப்பி அனுப்புங்கள். மேலே ஏறும்போது மாட்டினால் கீழே. இறங்கும்போது மாட்டினால் மேலே. மாட்டின இடத்தைத் தாண்டி முன்னால் இழுத்தால், இன்னும் நாலு இழை உள்ளே போகும். வேறு பயன் இல்லை.

இன்னொரு ரகசியம். பல ரன்னர்களில் பிடியின் அடியில் ஒரு சிறு முள் உண்டு. பிடி படுத்திருக்கும்போது அந்த முள் பற்களின் நடுவே இறங்கி, ஜிப் தானாக இறங்கிவிடாமல் காவல் காக்கும். ஆகவே, பிடியை நிமிர்த்தி நிறுத்திக்கொண்டே நகர்த்த வேண்டும். பிடியைப் படுக்க வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவது, தாழ்ப்பாளை எடுக்காமல் கதவைத் தள்ளுகிற கதைதான்.

நூல் சுற்றியிருந்தால் ஊசி முனையால் ஒவ்வொன்றாக எடுங்கள். வெறும் நூல்தான் என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் கத்தரி வையுங்கள். துணி விடுபட்டதும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். ஒருமுறை கடித்த துணியை அது மறுபடியும் கடிக்கும். அந்த லைனிங்கை ஜிப்பிலிருந்து அரை அங்குலம் தள்ளி, நாலு தையல் போட்டுப் படிய வைத்துவிடுங்கள்.

கனமாக ஓடினால்

எதுவும் கடிக்கவில்லை, ஆனாலும் இழுக்க இழுக்க வரவில்லை என்றால், பற்களில் தூசியோ, சோப்புக் கசடோ, துருவோ இருக்கிறது. பழைய பல் துலக்கும் பிரஷை வெந்நீரில் நனைத்து, நாடாவின் இரு பக்கமும் தேய்த்து, துடைத்துக் காயவிடுங்கள். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றினால் பித்தளை ஜிப்பில் பச்சைக் களிம்பு பிடிப்பது உண்டு. பஞ்சில் இரண்டு சொட்டு எலுமிச்சம்பழச் சாறு தொட்டு, பல்லின் மேல் மட்டும் படும்படி தடவி, உடனே ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். சாறு துணியில் தங்கினால் சாயம் வெளுக்கக்கூடும்.

பிறகு வழுவழுப்புக் கொடுக்க வேண்டும். உலோகப் பல் என்றால் பென்ஸிலே போதும். கூர்முனையைப் பற்களின் இரு பக்கமும் மேலும் கீழும் தேயுங்கள். வெள்ளைத் துணிக்கும் வெளிர் நிறத் துணிக்கும் பென்ஸில் வேண்டாம், கரி ஒட்டும். அவற்றுக்கும், பிளாஸ்டிக், நைலான் ஜிப்புகளுக்கும் வெள்ளை மெழுகுவத்தித் துண்டு அருமையானது. மெழுகு இல்லாவிட்டால் உலர்ந்த சோப்புக் கட்டியின் ஓரம். தடவிய பிறகு பத்துத் தடவை மேலும் கீழும் ஓட்டி, உதிர்ந்ததைத் துடைத்துவிடுங்கள்.

தேங்காய் எண்ணெய் நம் வீட்டில் எல்லாவற்றுக்கும் மருந்து. ஆனால் உடையின் ஜிப்புக்கு அது ஆகாது. பட்டிலும் பருத்தியிலும் கறை இறங்கும். அன்றைக்கு ஓடும், ஒரு வாரத்தில் தூசியைச் சேர்த்துக்கொண்டு முன்னைவிட மோசமாக நிற்கும்.

மூடிய பிறகு வாய் பிளந்தால்

ரன்னர் மேலே ஏறிவிடும். ஆனால் பின்னாலேயே ஜிப் விரிந்துகொண்டு வரும். இதைக் கண்டதும், "ஜிப் போச்சு, உடை போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் பற்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். நாள்பட்ட உழைப்பில் ரன்னரின் மேல் தகடும் கீழ்த் தகடும் சற்றே அகன்றுவிட்டன. பற்களைச் சேர்த்து அமுக்கும் பிடிப்புப் போய்விட்டது. குற்றம் செய்தது ஒன்று, தண்டனை பெறுவது மற்றொன்று!

முதலில் ரன்னரை மெல்ல மெல்லக் கீழே, அடிவரை கொண்டுவாருங்கள். நைலான் சுருள் ஜிப்பானால், அடியிலிருந்து மறுபடி ஏற்றும்போதே பல தடவை தானாகச் சரியாகிவிடும். ஆகாவிட்டால், அடியில் நிற்கும் ரன்னரின் ஒற்றை வாய்ப் பக்கத்தில், இடது ஓரத்தைக் குறட்டால் இலேசாக ஓர் அமுக்கு. வலது ஓரத்தில் அதே அளவு ஓர் அமுக்கு. ஏற்றிப் பாருங்கள். போதாவிட்டால் இன்னும் சிறிது. ஒரேயடியாக நெரித்தால் ரன்னர் ஓடாது. வார்ப்பு உலோகமானால் ஒடிந்தும் போகும். கீரையை ஆய்கிற பொறுமை வேண்டும். தேங்காயை உடைக்கிற வேகம் வேண்டாம்.

இதற்கும் மசியாவிட்டால் ரன்னரை மட்டும் மாற்றலாம். ரன்னரின் முதுகிலோ வயிற்றிலோ 3, 5, 8 என்று ஓர் எண் இருக்கும். மூடிய பல் வரிசை ஏறக்குறைய எத்தனை மில்லிமீட்டர் அகலம் என்பதைக் காட்டும் எண் அது. பழைய ரன்னரையே தையல் சாமான் கடைக்கு எடுத்துக்கொண்டு போங்கள். எண் ஒன்றாக இருந்தாலும், நைலான் சுருளுக்கான ரன்னர் பிளாஸ்டிக் பல்லுக்குச் சேராது. உலோகத்துக்கும் அது வேறுதான்.

ரன்னர் ஒரு பக்கம் கழன்றால்

ஜிப்பின் அடியில் இருக்கும் தையலைக் கொஞ்சம் பிரித்து, கீழேயுள்ள தடைத் துண்டை எடுத்துவிடுங்கள். இரண்டு நாடாக்களின் அடி நுனிகளையும் ஒரே சமமாக வெட்டிக்கொள்ளுங்கள். ரன்னரின் இரட்டை வாய் மேல் நோக்கி இருக்க, ஒவ்வொரு நுனியையும் ஒவ்வொரு வாயில் நுழைத்து, கீழே ஒற்றை வாய் வழியாக இரண்டையும் சேர்த்து இழுங்கள். ஒருவர் ரன்னரைப் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் நாடாவை நுழைத்தால் சுலபம். ரன்னர் நேராக ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு, அடியில் பற்களுக்குக் குறுக்கே கெட்டி நூலால் ஏழெட்டுத் தையல் போடுங்கள். அதுதான் புதிய தடை.

அடியில் இரண்டு பல் உதிர்ந்த ஜிப்புக்கும் இதே வைத்தியம்: உதிர்ந்த இடத்துக்கு மேலே தடை. ஜிப் அரை அங்குலம் குறையும், ஆடை பிழைத்துக்கொள்ளும். நடுவில் பல் உதிர்ந்தால் மட்டும் ஜிப்பையே மாற்ற வேண்டியதுதான்.

பிடி ஒடிந்ததற்காக யாரும் கவலைப்பட வேண்டாம். ரன்னரின் காதில் ஒரு சிறு சாவி வளையமோ, மடித்து முடிந்த நாடாவோ போதும். மாமியாரின் மாத்திரைப் பைக்கும் இதைச் செய்யுங்கள். நாலு விரல் நுழையும்படி பெரிய நாடா வளையமாகக் கட்டிக் கொடுத்தால், அவர் யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். கால்சட்டை ஜிப் தானாக இறங்கினால், அந்த முள் தேய்ந்துவிட்டது என்று பொருள். ரன்னர் மாற்றும் வரையில், பிடியின் துளையில் ஒரு ரப்பர் வளையத்தைக் கோத்து இடுப்புப் பொத்தானில் மாட்டிவிடுங்கள்.

தோல் அகப்பட்டால்

இது கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம். குழந்தையின் மோவாயோ, கழுத்துத் தோலோ ஜிப்பில் அகப்பட்டுவிட்டால், குழந்தை அலறும். நமக்குக் கை பதறும். அப்போதும் இழுக்கக் கூடாது. இங்கே மட்டும் எண்ணெய்க்கு வேலை உண்டு. சில சொட்டு விட்டு, சற்று ஊறவிட்டு, ரன்னரை மிக மெதுவாகப் பின்னால் நகர்த்திப் பாருங்கள். வராவிட்டால், ஆடையைப் பற்றி நினைக்காமல், ரன்னருக்குக் கீழே மூடியிருக்கும் ஜிப்பைத் தோலுக்குத் தள்ளி, கத்தரியால் குறுக்கே வெட்டிவிடுங்கள். பற்கள் அங்கிருந்து பிரிய ஆரம்பிக்கும்.

சிறு பையன்களுக்குக் கால்சட்டை ஜிப்பில் அகப்படக் கூடாத இடம் அகப்பட்டுவிடுவது உண்டு. அப்போது வீட்டு வைத்தியத்தை நீட்டாமல், ஆடையோடு அப்படியே டாக்டரிடம் தூக்கிப் போங்கள். அவர்களும் எண்ணெய் விட்டோ, ரன்னரின் ஆப்பை வெட்டியோ, சிரமம் இல்லாமல் எடுத்துவிடுவார்கள். பையனைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். உள்ளாடை போட்ட பிறகே கால்சட்டை என்றும், நின்று, பார்த்து, மெதுவாக ஏற்ற வேண்டும் என்றும் பழக்கிவிட்டால் போதும்.

வராமல் காப்பது

துவைக்கப் போடும்போது ஜிப்பை மூடி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிவிடுங்கள். துவைக்கிற கல்லில் ஜிப் உள்ள பக்கத்தை அடிக்காதீர்கள். ரன்னர் ஒரே அடியில் நசுங்கிவிடும். இயந்திரத்தில் போட்டாலும், திறந்த ஜிப் பக்கத்துத் துணியைக் கடிக்கும். நைலான் ஜிப்பின் மேல் சூடான இஸ்திரிப் பெட்டி நேரே பட்டால் சுருள் இளகிக் கோணிக்கொள்ளும். ஒரு துணியை மேலே போட்டுத் தேயுங்கள்.

பருத்தித் துணியில் ஜிப் வைத்துத் தைக்கக் கொடுப்பதானால், முதலில் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக் கொடுங்கள். தைத்த பிறகு துணி சுருங்கும், செயற்கை இழை நாடா சுருங்காது. ஜிப் அலை அலையாக நெளிந்து நிற்கும். ஜிப்பின் உச்சியில் ஒரு சிறு கொக்கி வைக்கச் சொல்லுங்கள். இழுப்பைக் கொக்கி தாங்கிக்கொள்ளும்; ஜிப் மூடுகிற வேலையை மட்டும் பார்க்கும். போடும்போதும் கொக்கியை முதலில் மாட்டி, ஜிப்பின் அடியை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் நேராக ஏற்ற வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகும் ஜிப் பிளந்துகொண்டே இருந்தால், குற்றம் ஜிப்பில் இல்லை. உடை சிறியதாகிவிட்டது. குழந்தைகள் வளருகிறார்கள், யூனிபாரம் வளருவதில்லை. அப்போது, "இப்படிப் பெருத்துவிட்டாயே!" என்று பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடாதீர்கள். அந்த வார்த்தை ஜிப்பைவிட ஆழமாகக் கடிக்கும். தையலுக்குள் விட்டிருக்கும் துணியைப் பிரித்து விட்டால் ஓர் அங்குலம் கிடைக்கும். அதை அவள் தூங்கிய பிறகு செய்து வைத்துவிடலாம்.

கடைசியாக ஒன்று. கிழிந்த உடையைக் கரித்துணியாக்குவதற்கு முன், ஜிப்பைப் பிரித்து எடுத்து வையுங்கள். அதோடு ஒரு மெழுகுத் துண்டு, பென்ஸில், ஊசி நூல், சின்னக் குறடு, நாலு ஊக்கு. எல்லாவற்றையும் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டால், உங்கள் வீட்டு ஜிப் ஆஸ்பத்திரி தயார். நம்மால் ஆகாததற்குத் தெருமுனையில் குடை நிழலில் உட்கார்ந்து செருப்பும் பையும் தைப்பவர் இருக்கிறார். புதிய பையின் விலையோடு அவர் கேட்கும் கூலியை ஒப்பிட்டுப் பாருங்கள். பேரம் பேச மனம் வராது.

ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாக இருக்கும்போது, பெண்ணையும் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு பழைய பையில் இதையெல்லாம் செய்து பார்க்கச் சொல்லுங்கள். முதலில் பார், பிறகு தொடு, கடைசியில்தான் இழு. இது ஜிப்போடு நிற்கிற பாடம் அல்ல.

அடுத்த வாரம், மழைக்காலத்துக்கு முன் குடைகளை எடுத்துப் பார்ப்போம்.